கேளுங்கள், சொல்கிறோம்: அரசதந்திரத்தைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைப்பது எப்படி?

அரசதந்திர வரலாற்றுக்கென ஓர் அரும்பொருளகம், அல்லது பள்ளியிலோ சங்கத்திலோ ஒரு சிறு காட்சி மூலை அமைப்பது குறித்து வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில். பதிலளிப்பவர்கள் ஆவணப் பாதுகாப்பு, காட்சியமைப்புத் துறையினர்.

கேள்வி: எங்கள் உயர்நிலைப் பள்ளியில் ஒரு வகுப்பறை அளவில் சிங்கப்பூரின் வெளியுறவு வரலாற்றைக் காட்சிக்கு வைக்கப் போகிறோம். கையில் இருப்பதெல்லாம் தலைவர்கள் கைகுலுக்கும் படங்கள். பிள்ளைகள் ஒரு நிமிடம்கூட நிற்கமாட்டார்களே? (ஆசிரியர், உட்லண்ட்ஸ்)

பதில்: நிற்கமாட்டார்கள்தான். அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. கைகுலுக்கல் என்பது எல்லாம் முடிந்தபின் படம் பிடிப்பவருக்காகச் செய்வது. சரக்கு அதற்கு முந்தைய தாள்களில் இருக்கிறது: அடித்துத் திருத்திய வரைவு, ஓரத்தில் பென்சிலால் போட்ட கேள்விக்குறி, யாரோ எழுதிவிட்ட ஒரு பதில் கடிதம்.

சிங்கப்பூரும் மலேசியாவும் உரிமை கோரி வழக்காடிய பாறைத்தீவான பெட்ரா பிராங்காவை எடுத்துக்கொள்ளுங்கள். 1953 ஜூன் 12ஆம் தேதி சிங்கப்பூரின் காலனித்துவச் செயலாளர் அலுவலகம், கடல் எல்லையை வரையறுக்க வேண்டியிருப்பதால் அந்தப் பாறையின் நிலை என்ன என்று ஜொகூருக்கு எழுதிக் கேட்டது. செப்டம்பர் 21ஆம் தேதி ஜொகூரின் தற்காலிக மாநிலச் செயலாளரிடமிருந்து பதில் வந்தது: பெட்ரா பிராங்காவுக்கு ஜொகூர் அரசாங்கம் உரிமை கோரவில்லை. ஒற்றை வாக்கியம். ஏறக்குறைய 55 ஆண்டுகள் கழித்து, 2008 மே 23 அன்று, அந்தத் தீவு சிங்கப்பூருக்கே என்று அனைத்துலக நீதிமன்றம் 12க்கு 4 என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பில் இந்தக் கடிதத்துக்கும், அதன்பின் இரு தரப்பும் நடந்துகொண்ட விதத்துக்கும் பெரிய இடம் உண்டு.

ஜூன் கடிதத்தை ஏ3 அளவில் சுவரில் வையுங்கள். பக்கத்தில் கீல் வைத்த ஒரு பலகை. அதன்மேல் "நீங்கள்தான் ஜொகூர் செயலாளர். என்ன எழுதுவீர்கள்?" என்ற கேள்வி. பலகையைத் தூக்கினால் உண்மையான பதில். மலிவான கீல் இரண்டாம் வாரமே கழன்றுவிடும். துருப்பிடிக்காத எஃகுக் கீல் வாங்குங்கள். விரல் நசுங்காமலிருக்கக் கீழே 1 செ.மீ. ரப்பர்த் தடுப்பு வையுங்கள்.

இன்னொன்று தண்ணீர். 1962 ஒப்பந்தப்படி ஜொகூர் ஆற்றிலிருந்து நாளொன்றுக்கு 250 மில்லியன் கேலன் வரை சிங்கப்பூர் எடுக்கலாம். 1,000 கேலன் கச்சா நீருக்கு 3 சென், 2061 வரை. இதை எழுத்தில் போட்டால் யார் தலையிலும் ஏறாது. 1,000 கேலன் ஏறத்தாழ 4,546 லிட்டர், பக்கத்துக்கு 1.66 மீட்டர் உள்ள ஒரு கனசதுரம். அலுமினியக் குழாயில் அந்தச் சட்டத்தைக் கட்டி, நடுவில் மூன்று ஒரு சென் நாணயங்களைத் தொங்கவிடுங்கள். தண்ணீரையே நிரப்பிவிடலாமே என்று கூட்டத்தில் ஒருவர் நிச்சயம் சொல்வார். நாலரை டன் எடை 2.76 சதுர மீட்டரில் இறங்கினால் சதுர மீட்டருக்குச் சுமார் 1,650 கிலோ. காட்சிக்கூடத் தரைகள் பெரும்பாலும் 500 கிலோ அளவுக்குத்தான் கட்டப்படுகின்றன. காலிச் சட்டமே போதும்.

கேள்வி: அப்பா 1970, 80களில் வெளிநாட்டில் ஒரு தூதரகத்தில் எழுத்தராக இருந்தார். அவர் விட்டுச்சென்ற பெட்டியில் ஃபேக்ஸ் தாள்கள், டெலக்ஸ் (தட்டச்சுத் தந்தி) சுருள்கள், படங்கள், அரக்கு முத்திரையிட்ட ஒரு சான்றிதழ், ஒரு வெள்ளித் தட்டு. அரும்பொருளகத்துக்குக் கொடுக்கலாமா? (வாசகி, தோ பாயோ)

பதில்: கொடுக்குமுன் ஒரு கட்டுப்பாடு: எதையும் படம் எடுத்து ஃபேஸ்புக்கிலோ குடும்ப வாட்ஸ்அப்பிலோ போடாதீர்கள். ஓய்வு பெற்றவருக்கும் அதிகாரத்துவ ரகசியச் சட்டம் பொருந்தும். தாள் பழையது என்பதால் விலக்கு கிடைக்காது. "ரகசியம்" என்ற முத்திரையோ கோப்பு எண்ணோ உள்ளவற்றைத் தனி உறையில் போட்டு, முதலில் வெளியுறவு அமைச்சைக் கேளுங்கள். சொந்தக் கடிதங்கள், படங்கள், அழைப்பிதழ்கள் வேறு கணக்கு. அவற்றுக்குத் தேசிய ஆவணக் காப்பகத்தை நாடலாம்.

அவசரம் ஃபேக்ஸ் தாளுக்குத்தான். வழவழப்பாக, சுருண்டுகொள்ளும் தன்மையோடு இருக்கிறதா? ஓர் ஓரத்தில் நகத்தால் கீறிப் பாருங்கள். கீறல் கறுத்தால் அது வெப்பத்தாள். அதில் மை கிடையாது. சூட்டில் கறுக்கும் ரசாயனப் பூச்சுதான் எழுத்து. வெளிச்சம், சூடு, பிவிசி உறை மூன்றும் அதை அழித்துவிடும். பல தாள்கள் இந்நேரம் வெளிறியிருக்கும். அமைச்சு ஆட்சேபிக்காதவற்றை 400 டிபிஐ வண்ண ஸ்கேன் எடுத்து, அமிலமற்ற தாளில் ஒரு படியும் அச்சிட்டு வையுங்கள். டெலக்ஸ் தாளோ மை நாடா கொண்டு அச்சானது. தாள் பழுத்தாலும் எழுத்து நிற்கும்.

காகிதக் கவ்வி, ஸ்டேப்பிள் எல்லாவற்றையும் கழற்றுங்கள். நம் ஊர் ஈரத்தில் துரு தாளைத் தின்று துளையிடும். ஒட்டும் பக்கம் கொண்ட பழைய ஆல்பத்திலிருந்து படங்களைப் பிய்க்க வேண்டாம், பக்கத்தோடு கொடுங்கள். அரக்கு முத்திரையின் மேல் எதையும் அடுக்காதீர்கள். பாலித்தீன் நுரைப்பலகையில் முத்திரையின் உருவுக்குக் குழி வெட்டி, தட்டையாக வையுங்கள். யார் என்ன ஆசை காட்டினாலும் லேமினேட் செய்யாதீர்கள். திரும்ப எடுக்க வழியே இல்லை.

அன்பளிப்புப் பத்திரத்தில் "எப்போதும் காட்சியில் வைக்க வேண்டும்" என்று நிபந்தனை போட்டால் பெரும்பாலும் மறுத்துவிடுவார்கள். அது சரியான மறுப்பே. வெள்ளித் தட்டை வாங்கமாட்டார்கள் என்றே தோன்றுகிறது. அது எப்படிக் கைக்கு வந்தது என்று எழுதிய ஒரு துண்டுக் காகிதம் இருந்தால் நிலைமை மாறும். யார் கொடுத்தது, எந்த நாள், எந்த விருந்து: அம்மாவுக்கு நினைவிருந்தால் இன்றே கேட்டு எழுதிவையுங்கள்.

கேள்வி: எங்கள் சங்கக் கட்டடத்தில் மூலக் கடிதங்களையே வைக்க ஆசை. குளிரூட்டி உண்டு, இரவில் அணைத்துவிடுவோம். பரவாயில்லையா? (வாசகர், ஜூரோங் வெஸ்ட்)

பதில்: குளிரூட்டியே இல்லாத அறையைவிட இது மோசம். பகலில் 23 டிகிரியில் குளிர்ந்த சுவரும் கண்ணாடியும், இரவு குளிரூட்டி நின்றதும் உள்ளே வரும் ஈரக்காற்றைத் தொட்டு வியர்க்கின்றன. தாள் தினமும் ஒருமுறை விரிந்து சுருங்குகிறது. 65 விழுக்காட்டு ஈரப்பதத்தைத் தாண்டினால் பூஞ்சைக்குக் கொண்டாட்டம். தாளுக்கு 45 முதல் 55 விழுக்காடு வரை நல்லது. அதைவிட முக்கியம் அது ஏறி இறங்காமல் இருப்பது.

24 மணி நேரமும் ஓட்ட வசதியில்லையென்றால் அறையை விட்டுவிட்டு, பெட்டியைக் காப்பாற்றுங்கள். காற்றுப் புகாத கண்ணாடிப் பெட்டி, அடித்தட்டில் 50 விழுக்காட்டு ஈரப்பதத்துக்குப் பதப்படுத்திய சிலிக்கா ஜெல் (ஈரத்தை உறிஞ்சியும் விட்டும் சமன்செய்யும் மணிகள்). சாதாரண ரகமென்றால் ஒரு கன மீட்டர் காற்றுக்கு 20 கிலோ என்பது பழைய கணக்கு. பெட்டிக்குள் சிறிய ஈரப்பதமானி ஒன்று. வாரம் இருமுறை குறித்து வையுங்கள். புதிய ஒட்டுப்பலகையும் எம்டிஎஃப்பும் (மரநாரை அழுத்திச் செய்த பலகை) அமில ஆவியை விடும். அவசரத்தில் புதுப் பெட்டி செய்து மறுநாளே கடிதத்தை வைப்பது அடிக்கடி நடக்கும் தவறு.

வெளிச்சம் 50 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு). அந்த மங்கலில், நாளுக்கு 8 மணி நேரம், 90 நாள் என்றால் 36,000 லக்ஸ்-மணி. அத்தோடு மூலத்தை எடுத்துவிட்டு நகலை வையுங்கள். வெளுத்தது திரும்ப வராது. நகல் என்று விளக்க அட்டையில் எழுதக் கூச்சப்பட வேண்டாம். எழுதாமல் விட்டு, பின்னர் தெரியவந்தால்தான் மானம் போகும்.

கேள்வி: தமிழ் விளக்கத்தில் "ராஜதந்திரம்" என்று போடுவதா, "அரசதந்திரம்" என்றா? (வாசகி, பொங்கோல்)

பதில்: அரசதந்திரம். "அவன் பெரிய ராஜதந்திரி" என்று ஊரில் ஒருவரைச் சொன்னால் அது பாராட்டா வசையா என்று யோசிக்க வேண்டியிருக்கிறது. அந்தச் சொல்லில் சூழ்ச்சி வாடை ஏறிவிட்டது. வரலாற்றுப் பகுதிக்குத் "தூது" என்ற சொல்லே அழகு. திருக்குறளின் 69ஆம் அதிகாரத்துக்கு அதுதான் பெயர்.

சொல்லைவிடப் பெரிய ஆபத்து அச்சில் இருக்கிறது. வடிவமைப்பு மென்பொருளில் இந்திய மொழிகளுக்கான எழுத்தமைப்பு வசதி முடுக்கப்படாவிட்டால் கொம்பு ஒரு பக்கமும் எழுத்து ஒரு பக்கமும் போய்விடும். "கொ" என்பது மூன்று துண்டாக நிற்கும். இதே கோலத்தில் எத்தனை பொது அறிவிப்புகளைப் பார்த்துவிட்டோம்! திரையில் சரிபார்த்தது போதாது. அச்சகத்துக்குப் போகும் இறுதிக் கோப்பைத் தமிழ் படிக்கத் தெரிந்த ஒருவர் தாளில் அச்சிட்டுப் பார்த்துக் கையெழுத்திட வேண்டும். ஆங்கிலப் பத்திக்கு அளந்த கட்டத்தில் தமிழ் அடங்காது. எழுத்தைச் சிறிதாக்காதீர்கள், வாக்கியத்தைக் குறையுங்கள்.

கேள்வி: ராஜரத்னம், தனபாலன், ஜெயகுமார், எஸ் ஆர் நாதன். தமிழர் பங்குக்கென ஒரு தனிச் சுவர் வைக்கலாமே? (வாசகர், சிராங்கூன்)

பதில்: வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. தனிச் சுவர் என்றால் நால்வர் படமும் பதவிக்காலமும்தான் மிஞ்சும். 1965 முதல் 1980 வரை வெளியுறவு அமைச்சராக இருந்தவரும், 1967 ஆகஸ்ட் 8 அன்று பேங்காக்கில் ஆசியான் பிரகடனத்தில் சிங்கப்பூருக்காகக் கையெழுத்திட்டவரும் ராஜரத்னம் ஒருவரே. அவரை ஆசியான் மேசையில் வையுங்கள். நாதனை 1974 'லாஜு' படகுச் சம்பவத்தில் வையுங்கள். ஜனவரி 31ஆம் தேதி புலாவ் புக்கோம் எண்ணெய் ஆலையைத் தாக்கிய நால்வர், படகு ஊழியர்களைப் பிணை பிடித்தார்கள். ஒரு வாரப் பேச்சுக்குப் பிறகு, அவர்கள் பத்திரமாகப் போய்ச் சேர்வதற்கு உத்தரவாதமாக நாதன் தலைமையில் 13 பேர் அதே விமானத்தில் குவைத்துக்குப் பறந்தார்கள். 13 இருக்கைகளைத் தரையில் கோடு போட்டுக் காட்டினால் போதும். பெயரைப் படித்ததும் நம்மவர் என்று வாசகருக்கே தெரிந்துவிடும்.

கேள்வி: கசப்பான சம்பவங்களை வைத்தால் அண்டை நாட்டுப் பார்வையாளர் மனம் புண்படாதா? (வாசகர், கேலாங்)

பதில்: வைக்காவிட்டால் அது சுற்றுலாத் துண்டுப்பிரசுரம். சிங்கப்பூரையும் உள்ளடக்கிய மலேசியாவை இந்தோனீசியா எதிர்த்து மோதிய காலத்தில், 1965 மார்ச் 10 அன்று ஆர்ச்சர்ட் சாலையின் மெக்டோனல்ட் ஹவுஸ் கட்டடத்தில் குண்டு வெடித்து மூவர் மாண்டனர். 33 பேர் காயமடைந்தனர். குண்டு வைத்த இரு இந்தோனீசியக் கடற்படை வீரர்கள் 1968 அக்டோபர் 17 அன்று தூக்கிலிடப்பட்டனர். ஜகார்த்தாவில் சிங்கப்பூர்த் தூதரகம் சூறையாடப்பட்டது. 1973 மே மாதம் அங்குச் சென்ற திரு லீ குவான் இயூ, கலிபாத்தா கல்லறையில் அந்த இருவரின் சமாதியிலும் மலர் தூவினார். 2014இல் இந்தோனீசியா ஒரு போர்க்கப்பலுக்கு அவர்கள் பெயரை வைத்தபோது பழைய காயம் மீண்டும் திறந்தது.

மலர் தூவும் படத்தை மட்டும் மாட்டினால் மாண்ட மூவர் மறைந்துவிடுவார்கள். இடிபாட்டுப் படத்தை மட்டும் மாட்டினால் 1973 மறைந்துவிடும். ஒரே பார்வையில் இரண்டும் தெரிய வேண்டும். "வீரர்", "பயங்கரவாதி" போன்ற சொற்களை, அவற்றைச் சொன்னது யார் என்று குறிக்காமல் போடாதீர்கள். அட்டையின் வரைவை இந்தோனீசிய வரலாறு படித்த ஒருவரிடமும், பாதிக்கப்பட்ட குடும்பத்தினர் கிடைத்தால் அவர்களிடமும் காட்டுங்கள். அச்சுக்குப் பிறகு காட்டுவதில் பயனில்லை.

கேள்வி: மாணவர்களைப் பேச்சுவார்த்தை நடத்த வைக்கும் விளையாட்டுக்கு முறை சொல்லுங்கள். (இளையர் மன்றப் பொறுப்பாளர், தெம்பனிஸ்)

பதில்: 20 முதல் 25 பேர், ஐந்து கற்பனை நாடுகள், 90 நிமிடம். உண்மையான சண்டைகளை எடுக்காதீர்கள். பிள்ளைகள் வீட்டில் கேட்டதைக் கொண்டுவந்து கொட்டுவார்கள். பொதுவான ஓர் ஆறும் ஓர் அணையும் போதும். ஒவ்வோர் அணிக்கும் ஒரு பக்கக் குறிப்பு: என்ன வேண்டும், எதை விட்டுக்கொடுக்கலாம், எதை எக்காரணம் கொண்டும் விடக்கூடாது. மூன்றாவதை மற்ற அணிகளிடம் காட்டக்கூடாது.

10 நிமிடம் படிக்க. 10 நிமிடம் தொடக்க உரை, அணிக்கு 2. பிறகு 30 நிமிடம் எழுந்து நடந்து பேச. நாற்காலியில் யாரும் உட்காரக்கூடாது. உண்மையான வேலை இந்த நடையில்தான் நடக்கும். 25 நிமிடம் ஒரே திரையில் ஒரே வரைவு. ஒத்துவராத சொல்லைச் சதுர அடைப்புக்குறிக்குள் போட வேண்டும், உலக மாநாடுகளில் செய்வதுபோல. கடைசி 15 நிமிடம் எந்த அடைப்பு ஏன் நீங்கவில்லை என்ற பேச்சு.

கெடுவது இரண்டு இடங்களில். தலைவர் நாற்காலியில் ஆசிரியர் உட்கார்ந்தால் எல்லாரும் அவரைப் பார்த்தே பேசுவார்கள். ஒப்பந்தம் முடிந்தால்தான் பரிசு என்றால் கடைசி ஐந்து நிமிடத்தில் எல்லாவற்றையும் விட்டுக்கொடுத்துவிடுவார்கள். பரிசு வைத்தே தீர வேண்டுமென்றால், மூன்றாவது வரியைக் காப்பாற்றிய அணிக்குக் கொடுங்கள்.

கேள்வி: "தூதரகப் பை" ஒன்று காட்சிக்குக் கிடைக்குமா? தோல் பெட்டிதானே? (மாணவர், புக்கிட் பாஞ்சாங்)

பதில்: தோல் பெட்டியாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. அரசதந்திர உறவுகள் குறித்த 1961 வியன்னா ஒப்பந்தத்தின் 27ஆம் பிரிவு கேட்பதெல்லாம் வெளியே தெரியும் அடையாளம். உள்ளே தூதரக ஆவணங்கள் அல்லது அலுவல் பொருள்கள். சாக்குப்பையாகவும் இருக்கலாம், பெரிய பெட்டகமாகவும் இருக்கலாம். அதைத் திறக்கவோ தடுத்து வைக்கவோ கூடாது. சாதாரணக் கித்தான் பை ஒன்றைத் தைத்து, உலகில் இல்லாத ஒரு நாட்டின் பெயரை அச்சிட்டு, ஈய முத்திரைபோல் பிசினில் வார்த்துக் கட்டுங்கள். உண்மையான நாட்டின் முத்திரையை நகலெடுக்காதீர்கள். பையைப் பார்வையாளர் தூக்கிப் பார்க்கட்டும். 8 கிலோவுக்கு மேல் வைக்காதீர்கள்.