குழாயில் தண்ணீர் வராததற்கும் அரசியலமைப்புக்கும் என்ன சம்பந்தம்?

கேள்வி: பாலக்கோடு பக்கம் ஒரு சிற்றூர். தக்காளி போட்டுப் பிழைக்கிறோம். தெருக்குழாயில் ஒகேனக்கல் தண்ணீர் பத்து நாளைக்கு ஒருமுறைதான் வருகிறது. மற்ற நாட்களில் போர் தண்ணீர்தான். பிள்ளைகளுக்குப் பல்லெல்லாம் கறை. எம்.பி.யிடம் மனு கொடுத்தோம், எம்.எல்.ஏ.விடம் கொடுத்தோம், திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசிலும் கொடுத்தோம். எல்லோரும் "பார்க்கலாம்" என்கிறார்கள். என் மகள் பத்தாம் வகுப்பில் அரசியலமைப்புப் பாடத்தை மனப்பாடம் செய்துகொண்டிருக்கிறாள். அதைப் படித்து எங்களைப் போன்றவர்களுக்கு என்ன ஆகப்போகிறது?

பதில்: அம்மா, உங்கள் மகளின் புத்தகத்தைக் கொஞ்சம் வாங்கிப் பாருங்கள். உங்கள் மூன்று மனுக்களும் ஏன் அசையவில்லை என்பதற்கான காரணம் அதில் இருக்கிறது. மதிப்பெண்ணுக்காகப் படிப்பவர் கண்ணுக்கு அது தட்டுப்படாது. குடத்தோடு நிற்பவர் படித்தால் உடனே தெரியும்.

மத்திய அரசு எதைப் பார்க்க வேண்டும், மாநில அரசு எதைப் பார்க்க வேண்டும் என்று அரசியலமைப்பின் 7ஆம் அட்டவணை பிரித்துவைத்திருக்கிறது. ராணுவம், ரயில், நாணயம் மத்திய அரசுக்கு. தண்ணீர் வழங்கலும் உள்ளாட்சியும் மாநிலப் பட்டியலில். 1993 ஏப்ரல் 24 அன்று நடைமுறைக்கு வந்த 73ஆவது திருத்தம், 11ஆம் அட்டவணை என்று ஒன்றைச் சேர்த்தது. ஊராட்சிகளிடம் மாநில அரசு ஒப்படைக்கக்கூடிய 29 பொறுப்புகள் அதில் உள்ளன. அதில் 11ஆவது, குடிநீர்.

எம்.பி. பரிந்துரைக் கடிதம் கொடுப்பார், தன் தொகுதி நிதியிலிருந்து தொட்டி கட்டவும் உதவுவார். ஆனால் உங்கள் தெரு வால்வு அவர் கையில் இல்லை. கலெக்டரிடம் கொடுத்த மனு வீணல்ல. பெரும்பாலும் அது வட்டார வளர்ச்சி அலுவலருக்குத்தான் போயிருக்கும். அங்கே போய் மனு எண்ணைச் சொல்லி நிலையைக் கேளுங்கள்.

இன்னொன்றையும் பிரித்துப் பார்க்க வேண்டும். நம் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் ஃபுளோரைடு இருக்கக் கூடாது என்பது இந்தியத் தர அளவு. அதைத் தாண்டினால் பல்லில் கறை, நாளாக நாளாக எலும்பும் பாதிக்கும். அதற்காகத்தான் ஜப்பான் கடனுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்து, 2013இல் தண்ணீர் ஓடத் தொடங்கியது. காவிரித் தண்ணீரைச் சுத்திகரித்து ஊர்வரை கொண்டுவரும் பெரிய குழாய்கள் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் பொறுப்பு. ஊர் மேல்நிலைத் தொட்டியிலிருந்து தெருவுக்குத் திறந்துவிடுவது ஊராட்சியின் பொறுப்பு. உங்கள் ஊரில் தொட்டிக்கே தண்ணீர் வரவில்லையா, வந்தது தெருவுக்கு வரவில்லையா? முதலாவது என்றால் வாரியம், இரண்டாவது என்றால் ஊராட்சி. இது தெரியாதவரை இவர் அவரைக் காட்டுவார், அவர் இவரைக் காட்டுவார்.

தெரிந்துகொள்ள வழி, 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம். வெள்ளைத் தாளில் எழுதி, 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, அந்த அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினால் போதும். 30 நாளில் பதில் தர வேண்டும். தவறான அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டாலும் பயப்பட வேண்டாம். சரியான அலுவலகத்துக்கு 5 நாட்களுக்குள் அவர்களே மாற்றி அனுப்ப வேண்டும் என்று 6(3) பிரிவு சொல்கிறது. பதில் வராவிட்டால் அதே துறையின் மேல் அலுவலரிடம் முதல் மேல்முறையீடு.

என்னிடம் வருகிறவர்கள் பலர் "ஏன் தண்ணீர் விடவில்லை?" என்று கேட்டு அனுப்பிவிட்டு, "அலுவலகத்தில் தகவல் இல்லை" என்ற பதிலோடு நிற்பார்கள். ஏன், எதற்கு என்று கேட்காதீர்கள். ஆவணத்தைக் கேளுங்கள். கடந்த 6 மாதத்தில் எந்தெந்தத் தேதியில் தொட்டிக்கு எத்தனை லிட்டர் வந்தது, அதற்கான பதிவேட்டின் நகல். தொட்டியைக் கடைசியாகக் கழுவிய தேதி. தண்ணீர்ப் பரிசோதனை அறிக்கையின் நகல். இவ்வளவு போதும். அந்த நகல் கைக்கு வந்தாலே பாதி வழக்கு முடிந்த மாதிரி.

அப்புறம் கிராம சபை. இது அரசியலமைப்பின் 243ஏ பிரிவிலேயே இடம்பெற்ற அமைப்பு. ஊர் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள ஒவ்வொருவரும் அதன் உறுப்பினர். நீங்களும்தான். தமிழ்நாட்டில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருடத்துக்கு 6 முறை கூடுகிறது. மார்ச் 22 உலக தண்ணீர் நாள். அன்று தண்ணீரைப் பற்றிக் கேட்க யாரும் தயங்க வேண்டியதில்லை. தகவல் நகலைக் கையில் வைத்துக்கொண்டு எழுந்து பேசுங்கள். தீர்மானமாக எழுதச் சொல்லுங்கள். எழுதியதைப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். படித்த பிறகே கையெழுத்துப் போடுங்கள். வந்ததற்கு அடையாளமாக வாங்கும் கையெழுத்து, வாசித்துப் பார்க்காத தீர்மானத்துக்கு ஒப்புதலாகிவிடுவதை நான் நேரில் பார்த்திருக்கிறேன்.

தலைவர் இல்லை, தனி அலுவலர்தான் இருக்கிறார் என்றாலும் கிராம சபை உண்டு. இதையும் சொல்ல வேண்டும்: ஊராட்சியின் பதவிக்காலம் 5 ஆண்டு, அது முடிவதற்குள் அடுத்த தேர்தல் நடந்து முடிய வேண்டும் என்கிறது 243இ பிரிவு. நம் மாநிலத்தில் 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்தும் 2019 டிசம்பர் வரை ஊரகத் தேர்தல் நடக்கவில்லை. சட்டமன்றத் தேர்தல் மூன்று வருடம் தள்ளிப்போயிருந்தால் ஊரே கொதித்திருக்கும். ஊராட்சித் தேர்தலும் அதே அரசியலமைப்பு தந்த உரிமை என்பது பலருக்குத் தெரியாததால்தான் அப்போது பெரிய சத்தம் எழவில்லை. எனக்கு இது இன்றும் ஆறாத வருத்தம்.

"எங்களைப் போன்றவர்கள்" என்று எழுதியிருக்கிறீர்கள். நம் மாவட்டத்தின் வாச்சாத்தியை நினைத்துப் பாருங்கள். சித்தேரி மலையடிவாரத்துப் பழங்குடிக் கிராமம். 1992 ஜூன் 20 அன்று சந்தனக் கட்டை தேடுவதாகச் சொல்லி வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் புகுந்தார்கள். வீடுகளை நொறுக்கினார்கள். 18 பெண்களைப் பாலியல் வன்கொடுமை செய்தார்கள். எதிரே நின்றது அரசாங்கமே. அப்படியும், மலைவாழ் மக்கள் சங்கமும் தோழர்களும் துணை நிற்க, அந்தப் பெண்கள் பின்வாங்கவில்லை. உயர் நீதிமன்ற உத்தரவால் 1995இல் வழக்கு சிபிஐக்குப் போனது. 269 பேர் குற்றம்சாட்டப்பட்டார்கள். 2011 செப்டம்பர் 29 அன்று, உயிரோடிருந்த 215 பேரும் குற்றவாளிகள் என்று தருமபுரி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2023இல் சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. முப்பது வருடத்துக்கு மேல் ஆனது. அந்தத் தாமதம் ஒரு கொடுமைதான். ஆனால் சட்டத்தின் முன் எல்லோரும் சமம் என்ற 14ஆம் பிரிவை, அந்தப் பெண்களை நினைக்காமல் என்னால் வாசிக்க முடிவதில்லை. உயிர்வாழும் உரிமை என்கிற 21ஆம் பிரிவும் அப்படித்தான். மாசில்லாத தண்ணீரும் அந்த உரிமையில் அடங்கும் என்று 1991இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆக, நீங்கள் கேட்பது தயவு இல்லை.

வழக்கு வரை போக வேண்டியிருந்தால் செலவை நினைத்து மலைக்காதீர்கள். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு வருமான வரம்பில்லாமல் இலவச வழக்கறிஞர் உண்டு. 15100 என்ற எண்ணில் கேட்கலாம்.

அரசியலமைப்பை முதல் பக்கத்திலிருந்து படிக்க உட்காராதீர்கள். நானும் அப்படிப் படித்தவன் இல்லை. "இந்திய மக்களாகிய நாம்" என்று தொடங்கும் முகப்புரை, அடிப்படை உரிமைகள், ஊராட்சிகளைப் பற்றிய 9ஆம் பாகம், அந்த இரண்டு அட்டவணைகள். மகளோடு சேர்ந்து, வாரத்துக்கு ஒரு மாலை போதும். ஒவ்வொன்றுக்கும் நம் ஊரில் யார், எந்த அலுவலகம் என்று பக்கத்தில் எழுதிக்கொண்டே வாருங்கள்.

கிராம சபையில் அவளுக்கு இன்னும் வாக்கில்லை. ஆனால் தகவல் உரிமைச் சட்டம் "குடிமக்கள் அனைவருக்கும்" என்கிறது. 18 வயது என்ற வரம்பு அதில் கிடையாது. முதல் மனுவை அவளே எழுதட்டும். அனுப்புமுன் ஒரு நகல் எடுத்துக்கொள்ளுங்கள். தபால் ரசீதைப் பத்திரமாக வைத்து, மனு அலுவலகத்துக்குப் போய்ச் சேர்ந்த நாளிலிருந்து 30 நாளைக் காலண்டரில் குறித்துவையுங்கள்.