வாசகர் கேள்வி பதில்: ‘பரதேசி’யும் ‘எரியும் பனிக்காடு’ம்

கேள்வி: தேயிலைத் தோட்டத் தொழிலாளரைப் பற்றிய ‘பரதேசி’ படத்தை இப்போதுதான் பார்த்தேன். இரண்டு நாளாகத் தேத்தண்ணி குடிக்க மனம் வரவில்லை. உண்மையாகவே இப்படி நடந்ததா, இல்லை இயக்குநர் பாலா கூட்டிச் சொல்கிறாரா?
– ஒரு வாசகி, கொக்குவில்

பதில்: நடந்ததுதான். 2013இல் வந்த அந்தப் படத்துக்கு அடிப்படை, பி. எச். டேனியல் 1969இல் ஆங்கிலத்தில் எழுதிய நாவல். இரா. முருகவேள் அதை ‘எரியும் பனிக்காடு’ என்று தமிழில் தந்தார். டேனியல் ஆனைமலைத் தோட்டங்களில் வைத்தியராக இருந்தவர், தொழிலாளர் பட்ட பாட்டைக் கிட்ட நின்று பார்த்தவர்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். படம் அடி உதையைக் காட்டிய அளவுக்குக் கணக்கைக் காட்டவில்லை. ஆண்டுக் கடைசியில் முன்பணம், கடைச்சாமான், மருந்து என்று ஒவ்வொன்றாகக் கழித்துவிட்டுக் கூலி கொடுக்கிற காட்சி வருகிறதே, ஓடப் பார்த்தவனின் குதிகால் நரம்பை வெட்டுகிற காட்சியைவிட அதுதான் எனக்குக் கூடப் பயமாக இருந்தது. நாவலில் அந்தக் கடன் பக்கத்துக்குப் பக்கம் கூடவே வருகிறது. நாவலின் நாயகன் கருப்பனும் மனைவி வள்ளியும், தோட்டத்துக்கு ஆள் பிடிக்கிற மேஸ்திரியின் முன்பணத்தைக் கையில் வாங்கிய நிமிடமே கதை முடிந்துவிட்டது, அது அவர்களுக்குத் தெரியவில்லை, நமக்குத் தெரிகிறது.

கேள்வி: படத்தில் வரும் வைத்தியர் நாவலிலும் அப்படித்தானா?
– ஒரு வாசகர், பருத்தித்துறை

பதில்: இல்லை. படத்தில் எனக்குக் கோபம் வந்த இடம் அது. நாவலின் டாக்டர் ஆபிரகாம் தொழிலாளர் மீது இரக்கம் உள்ளவர். படமோ வைத்தியரை, சனங்கள் நோயில் விழுந்து கிடக்கும்போது ஆடிப்பாடி மதம் மாற்றுகிறவராக ஆக்கிவிட்டது. மதமாற்றத்தை விமர்சிக்கலாம், தாராளமாக. அதற்காக இந்தக் கதையை எழுதிய வைத்தியரின் இடத்தையா பிடுங்குவது?

கேள்வி: இது இந்தியாவில் நடந்தது. யாழ்ப்பாணத்தில் இருக்கிற நாங்கள் ஏன் இவ்வளவு கதைக்க வேண்டும்?
– ஒரு வாசகர், சாவகச்சேரி

பதில்: எங்கள் வடக்கு வழியாகவும் இதே சனங்கள் நடந்து போனார்கள், அதனால்தான். இலங்கையில் தேயிலைக்கு முன் கோப்பி பயிரிட்ட காலத்தில் தமிழ்நாட்டிலிருந்து தோணியில் மன்னார்க் கரைக்கு வந்து இறங்கியவர்கள், அங்கிருந்து மாத்தளை வரைக்கும் காட்டுப் பாதையில் நடந்தார்கள், தண்ணீர் இல்லாமலும் காய்ச்சலிலும் வாந்திபேதியிலும் வழியிலேயே செத்தவர்கள் எத்தனையோ பேர். படத்தின் இடைவேளைக்கு முன், நடக்க முடியாமல் விழுந்தவனை அப்படியே விட்டுவிட்டுக் கூட்டம் நகரும் இல்லையா, எனக்கு அந்த இடத்தில் ஆனைமலையின் வால்பாறை நினைவுக்கு வரவில்லை, மன்னார்ப் பாதைதான் வந்தது. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் என்ற வெள்ளைக்காரர் கண்டிக்குப் பக்கத்து லூல்கந்துரவில் தேயிலை நட்ட பிறகும், ஆள் கூட்டி வந்து வேலை வாங்குகிற அதே கங்காணி, அதே கடன். ஒரு தோட்டத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறவும் கடனைக் குறித்த ‘துண்டு’ வேண்டும், 1921இல்தான் அதை ஒழித்தார்கள். 1948இல் குடியுரிமைச் சட்டம் வந்தது, இருந்த மண்ணிலேயே நாடற்றவர்களாக நின்றார்கள்.

அந்தக் காலமெல்லாம் நாங்கள் என்ன செய்தோம்? ‘தோட்டக்காட்டான்’ என்று இளக்காரமாகச் சொன்னோம். படிக்க வேண்டிய வயதுப் பிள்ளைகளை மலைநாட்டிலிருந்து கூட்டி வந்து வீட்டுவேலைக்கு வைத்தோம், குசினியில் தனிக் கோப்பையில் தேத்தண்ணி கொடுத்தோம். இதைச் செய்தது வெள்ளைக்காரன் இல்லை. அதனால் இந்தப் படத்தை ‘இந்தியாவில் நடந்தது’ என்று சொல்லி எழும்பிப் போக என்னால் முடியாது.

கேள்வி: எங்கள் மலையகத்தைப் பற்றி இப்படி ஒரு நாவல் இருக்கிறதா?
– அதே வாசகி, கொக்குவில்

பதில்: இருக்கிறது. கோகிலம் சுப்பையாவின் ‘தூரத்துப் பச்சை’. நூலகத்தில் கேட்டுப் பாருங்கள், கிடைத்தால் அம்மாவுக்கும் வாசிக்கக் கொடுங்கள்.