வடக்கு மாகாண சபையில் 2013 முதல் 2018 வரை யார் யார் இருந்தார்கள்? 38 பேரில் 30 பேர் ஒரே அணி என்றால் ஏன் அவ்வளவு குழப்பம்?

எனக்கு யாழ்ப்பாணத்தில்தான் வாக்கு. அந்த ஐந்து வருடமும் சபை இருந்த கைதடியின் செய்திகளை விடாமல் படித்தவன் என்பதால் எழுதுகிறேன்.

முதலில் கணக்கு. 2013 செப்டம்பர் 21 அன்று தேர்தல். மக்கள் தெரிவு செய்தது 36 பேரை: யாழ்ப்பாணம் 16, வவுனியா 6, மன்னார் 5, முல்லைத்தீவு 5, கிளிநொச்சி 4. மாகாணத்தில் அதிக வாக்கு எடுத்த பட்டியலுக்கு 2 போனஸ் ஆசனம். ஆக மொத்தம் 38. வீட்டுச் சின்னத்தில் நின்ற தமிழ்த் தேசியக் கூட்டமைப்புக்கு 28, போனஸோடு 30. வெற்றிலைச் சின்னத்தில் நின்ற ஐக்கிய மக்கள் சுதந்திரக் கூட்டமைப்புக்கு 7, முஸ்லிம் காங்கிரஸுக்கு மன்னாரில் 1. வெற்றிலையின் ஏழில் இரண்டு வவுனியாவில் கிடைத்தவை, அந்த இருவருமே சிங்கள உறுப்பினர்கள். போனஸ் ஆசனங்களில் ஒன்றைத் தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு முஸ்லிம் உறுப்பினரான அஸ்மினுக்குக் கொடுத்தது. மக்கள் வாக்கில் நேரடியாக வந்த பெண் என்று பார்த்தால் அனந்தி சசிதரன் ஒருவர்தான். அவர் எடுத்த விருப்பு வாக்கு, அதாவது பட்டியலில் தனி ஆளுக்கு இடும் வாக்கு, 87,870. அதற்கு மேலே எடுத்தவர் முதலமைச்சர் வேட்பாளர் சி.வி. விக்னேஸ்வரன் மட்டும்: 132,255.

இப்போது உங்கள் இரண்டாவது கேள்வி. அந்த 30 என்பது ஒரு கட்சி இல்லை. தமிழரசுக் கட்சி, ஈ.பி.ஆர்.எல்.எப்., ரெலோ, புளொட் என்று பல கட்சிகள் ஒரு சின்னத்தின் கீழ் நின்றன. தலைமை தாங்க வந்தவரோ ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதியரசர். இந்தக் கட்சிகள் எதிலும் வளர்ந்தவர் இல்லை, கூட்டமைப்பின் தலைவர் சம்பந்தன் அழைத்து வந்தவர். கட்சிக்காரருக்கு அவர் மேல் பிடி இல்லை, அவருக்கும் கட்சிக்காரர் மேல் பிடி இல்லை. ஆனால் விருப்பு வாக்கு மட்டும் மலையளவு. எதிர்க்கட்சியில் 8 பேர்தான் என்றால் உண்மையான எதிர்க்கட்சி ஆளும் வரிசையிலேயே உருவாகும். அதுதான் நடந்தது.

இதோடு பதவி எண்ணிக்கையும் சேர்ந்துகொண்டது. அரசியலமைப்பின் 13ஆவது திருத்தத்தின்படி முதலமைச்சரையும் சேர்த்து ஐந்து அமைச்சர்தான். முதலமைச்சர் போக மிச்சம் நாலு கதிரை, அதற்கு இத்தனை கட்சி, ஐந்து மாவட்டம். ஐங்கரநேசன் விவசாயம், குருகுலராசா கல்வி, சத்தியலிங்கம் சுகாதாரம், டெனீஸ்வரன் மீன்பிடியும் போக்குவரத்தும் என்று தொடங்கினார்கள். ஆரம்பத்திலேயே முகம் சுளித்தவர்கள் இருந்தார்கள்.

2017 ஜூனில் வெடித்தது. அமைச்சர்கள் மேலான முறைப்பாடுகளை விசாரிக்க முதலமைச்சர் அமைத்த குழு அறிக்கை கொடுத்தது. அதை வைத்து இருவரைப் பதவி விலகச் சொன்னார், மற்ற இருவரை விடுமுறையில் நிற்கச் சொன்னார். உடனே தமிழரசுக் கட்சியினர் முதலமைச்சர் மேலேயே நம்பிக்கையில்லாப் பிரேரணை எழுதி இரவோடிரவாக ஆளுநர் றெஜினோல்ட் குரேயிடம் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். கடிதங்கள் பரிமாறி, சம்பந்தன் தலையிட்டு, பிரேரணை மீளப் பெறப்பட்டது. என்னைக் கேட்டால் சபை உண்மையில் முடிந்தது அந்த மாதத்தில்தான். அதற்குப் பிறகு நடந்தது தவணையை ஓட்டியது.

அமைச்சர்கள் மாறினார்கள். அனந்தி, சர்வேஸ்வரன், குணசீலன், சிவநேசன் வந்தார்கள். நீக்கப்பட்ட டெனீஸ்வரன் மேன்முறையீட்டு நீதிமன்றம் போனார். 2018 ஜூனில் நீதிமன்றம் அவர் நீக்கத்துக்கு இடைக்காலத் தடை விதித்தது. இப்போது எண்ணிப் பாருங்கள்: முதலமைச்சர், புதிய நால்வர், அதோடு டெனீஸ்வரன். சட்டம் ஐந்து என்கிறது, ஆள் ஆறு. யார் அமைச்சர், யார் இல்லை என்ற சண்டையிலேயே கடைசி மாதங்கள் போயின.

சரி, ஒன்றுமே செய்யவில்லையா என்றால் அப்படியும் சொல்ல மாட்டேன். தமிழர் மீது நடந்தது இன அழிப்பு என்ற தீர்மானம் 2015 பெப்ரவரி 10 அன்று இந்தச் சபையில்தான் நிறைவேறியது. 'தீர்மானம்தான் போட்டார்கள், வேலை செய்யவில்லை' என்று ஊரில் சொல்வார்கள். அதில் பாதி நியாயம் உண்டு. மற்றப் பாதி, முதலமைச்சர் நிதியம் மாதிரி ஒரு நியதிச் சட்டத்துக்கே (சபை இயற்றும் சட்டம்) ஆளுநரின் சம்மதம் கிடைக்காத சபை இது. கொழும்பு கையை இறுக்கிப் பிடித்திருந்தது உண்மை. ஆனால் 2017 ஜூன் கூத்துக்குக் கொழும்பைக் குறை சொல்ல முடியாது, அது முழுக்க நம் கைங்கரியம்.

உறுப்பினர் பட்டியல் தேடுகிறவர்களுக்கு ஒரு குறிப்பு: 2013 பட்டியலும் 2018 பட்டியலும் ஒன்றாக இருக்காது. மாகாண சபைக்கு இடைத்தேர்தல் கிடையாது, ஒருவர் விலகினாலோ இறந்தாலோ அதே கட்சிப் பட்டியலிலிருந்து அடுத்தவர் வருவார். புளொட் தலைவர் சித்தார்த்தன் 2015இல் நாடாளுமன்றம் போனார். பிரதி அவைத்தலைவர் அன்ரனி ஜெகநாதன் 2016இல் காலமானார். இரண்டாவது போனஸ் ஆசனத்தையும் கட்சிகள் சுழற்சி முறையில் பகிர்வதாகத்தான் ஏற்பாடு. அவைத்தலைவர் சி.வி.கே. சிவஞானம் மட்டும் கடைசி வரை அதே கதிரையில் இருந்தார்.

2018 ஒக்டோபரில் பதவிக்காலம் முடிந்தது. முடிந்த கையோடு விக்னேஸ்வரன் நல்லூரில் கூட்டம் வைத்துத் தமிழ் மக்கள் கூட்டணியை அறிவித்தார், 2020இல் அந்தக் கட்சி சேர்ந்திருந்த தமிழ் மக்கள் தேசியக் கூட்டணி வழியாக நாடாளுமன்றமும் போனார். மாகாண சபைத் தேர்தலோ 2017இல் கொண்டுவந்த புதிய தேர்தல் முறையிலும் எல்லை நிர்ணய அறிக்கையிலும் சிக்கிக்கொண்டது. அந்த 38 பேருடைய இடத்துக்கு மக்கள் வேறு யாரையும் தெரிவு செய்ய வாய்ப்பில்லாமல், ஆளுநர் நிர்வாகம்தான் தொடர்ந்தது.