அபிவிருத்திப் பகுதிக்குள் வந்தால் வீடு போய்விடுமா?

வணக்கம். நகர அபிவிருத்திப் பகுதியைத் திருகோணமலை அன்புவழிபுரம் பக்கமும் விரிக்கப்போவதாகக் கேள்விப்பட்டு, அம்மாவின் வீட்டை எடுத்துவிடுவார்களோ என்று கேட்டிருந்தீர்கள். முதலில் பயத்தை விடுங்கள். பகுதியை அறிவிப்பது வேறு, காணியை அரசு எடுத்துக்கொள்வது, அதாவது சுவீகரிப்பது, வேறு.

1978ஆம் ஆண்டின் 41ஆம் இலக்க நகர அபிவிருத்தி அதிகார சபைச் சட்டத்தின் கீழ் அமைச்சர் பகுதியை அரச வர்த்தமானியில் அறிவிப்பார். அதன்பின் வீட்டோடு ஓர் அறை சேர்த்துக் கட்டவும் அனுமதி எடுக்கவேண்டும். காணியை எடுப்பதென்றால் 1950ஆம் ஆண்டின் காணி சுவீகரிப்புச் சட்டப்படி தனி அறிவித்தல் வரவேண்டும், நட்டஈடும் தரவேண்டும்.

எனக்குக் கவலை நீங்கள் கடைசியாக எழுதியதுதான்: காணி அனுமதிப்பத்திரம் இன்னும் தாத்தாவின் பெயரில். பாலையூற்றில் எங்களுக்கும் இதே கதை. ரோட்டை அகலமாக்க அளக்க வந்தவர்களிடம், மடிப்பில் கிழிந்து டேப் ஒட்டிய பத்திரத்தை நீட்டினோம். பெயர் செத்துப்போனவருடையது. வேலியோரக் கிணற்றையும் இரண்டு தென்னையையும் எங்களுடையவை என்று காட்டவே பத்து மாதம் அலைந்தோம். எங்கள் அம்மா பட்ட பாடு கொஞ்சமல்ல. பெயரை மாற்ற இந்தக் கிழமையே மரண, பிறப்புச் சான்றிதழ்களோடு பிரதேச செயலகத்தின் காணிக் கிளைக்குப் போங்கள்.

அப்புறம், அபிவிருத்தித் திட்டம் வரைந்தால் 60 நாட்கள் மக்கள் பார்வைக்கு வைப்பார்கள். தனியாகப் போகாதீர்கள். ஒழுங்கையே சேர்ந்து கையெழுத்து வைத்து, மாரியில் தண்ணீர் தேங்கும் இடங்களைக் குறித்து, வடிகான் முதலில் வேண்டும் என்று எழுத்தில் கொடுங்கள்.