பிள்ளைக்கு வாசிப்புத் துணை: உங்கள் கேள்விகளுக்குப் பதில்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களில் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளுக்கு வாசிப்புத் துணையாக இருக்க முன்வந்தவர்கள் கேட்டவை இவை. நெடுங்காலம் முதலாம் ஆண்டு வகுப்பை நடத்திய ஆசிரியையாகப் பதில் சொல்கிறேன்.

டீச்சர், நான் ஓய்வுபெற்ற தோட்டக் கிராணி (எழுத்தர்). மலாய் நன்றாக வரும்; தமிழ் வாசிப்பு சுமார்தான். நான் வரலாமா?

அவசியம் வாருங்கள் ஐயா. பாடம் நடத்த வேண்டியதில்லை. வாரம் இரண்டு நாள், அரை மணி நேரம், பிள்ளை வாசிக்க நீங்கள் கேட்க வேண்டும். தமிழில் சொல் தடுக்கினால் இருவரும் சேர்ந்தே எழுத்துக் கூட்டுங்கள். பெரியவரும் தடுமாறுவார் என்று தெரிந்தால் பிள்ளையின் பயம் பாதி போய்விடும்.

எட்டு வயதுப் பையன் மலாய்ப் புத்தகத்தைக் கடகடவென்று வாசிக்கிறான். என்ன கதை என்று கேட்டால் விழிக்கிறான்.

தோட்டப் பிள்ளைகளிடம் நான் அதிகம் கண்ட சிக்கல் இதுதான். மலாய் எழுத்துக்கூட்டல் ஒழுங்கானது. 26 எழுத்துகளின் ஒலி பிடிபட்டால், பொருள் தெரியாமலே வாய் ஓடும். வேகத்தைப் பார்த்து நாம் ஏமாந்துவிடுகிறோம். பக்கத்துக்கு ஒருமுறை நிறுத்தி, "இப்போது என்ன நடந்தது?" என்று தமிழிலேயே கேளுங்கள், அவனும் தமிழிலேயே சொல்லட்டும். தெரிந்த சொல்லிலிருந்து தெரியாத சொல்லுக்குப் பாலம் போடுங்கள். மலாயில் கடைக்கு 'கெடாய்', கப்பலுக்கு 'காப்பால்', கட்டிலுக்கு 'காத்தில்'. "இது நம் சொல் மாதிரியே இருக்கிறதே!" என்று ஒரு பிள்ளை நிமிர்ந்து உட்காரும்போது எனக்கு மனம் நிறைந்துவிடும்.

தம்பி மகள் மலாய் எழுதும்போது p, b என்ற இரண்டு எழுத்துகளையும் மாற்றி மாற்றிப் போடுகிறாள். கவனக்குறைவா?

இல்லை அம்மா. தமிழில் 'பல்' என்பதிலும் 'தம்பி' என்பதிலும் வருவது ஒரே பகரம். ஒலி மட்டும் வேறு. மலாயில் இரண்டுக்கும் தனித்தனி எழுத்து. 'காலை' என்ற பொருளில் வரும் pagi, 'கொடு' என்ற பொருளில் வரும் bagi ஆகிய இரண்டு மலாய்ச் சொற்களைத் தமிழில் எழுதினால் இரண்டுமே 'பாகி'தான். விரலைத் தொண்டையில் வைத்து, எந்த ஒலி தொடங்கும்போதே அதிர்கிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். திட்டாதீர்கள்.

ஆங்கிலப் புத்தகத்தில் பூனைப் படத்துக்குக் கீழே இருந்த cat என்ற சொல்லைச் 'சாட்' என்று வாசித்தாள். மூன்று மொழி குழப்புகிறதோ?

அவள் மலாய் முறைப்படி சரியாகத்தான் வாசித்திருக்கிறாள். அதே மூன்று எழுத்துகள் மலாயில் சுவருக்கு அடிக்கும் சாயம். ஆங்கிலத்தில் காற்றைக் குறிக்கும் air என்ற சொல்லும் மலாயில் அப்படியே தண்ணீர் ஆகிவிடுகிறது. புத்தகத்தைத் திறக்குமுன், "இது எந்த மொழி?" என்று கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

இடைநிலைப்பள்ளியில் எல்லாம் மலாய்தானே? வீட்டில் தமிழை நிறுத்திவிடலாமா?

தயவுசெய்து வேண்டாம். களைத்து வந்து நீங்கள் சொல்லும் கதை, சண்டை, சமையல் எல்லாம் தமிழில்தான் செழிப்பாக வரும். அரைகுறை மலாயில் பேசினால் பேச்சே சுருங்கிப்போகும். கதையைக் கோர்த்துச் சொல்லத் தமிழில் பழகிய பிள்ளை மலாயிலும் சொல்லும்.

எங்கே உட்காரலாம்?

கோயில் மண்டபம், சமூக மண்டபம். கதவு திறந்திருக்க வேண்டும். பெற்றோருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

சில நாள் புத்தகத்தைத் தொடவே மாட்டேன் என்கிறானே?

பள்ளி முடிந்து களைத்து வந்திருப்பான். ஒரு குவளை மைலோ கலக்கிக் கொடுங்கள். அன்றைக்கு நீங்கள் வாசியுங்கள், அவன் கேட்கட்டும்.