சூஸ், செலக்ட், பிக், ஆப்ட்: எல்லாம் ஒன்றுதானா?

இந்த நாலு ஆங்கில வார்த்தைக்கும் (choose, select, pick, opt) அகராதியில் 'தேர்ந்தெடு' என்றுதான் போட்டிருக்கிறது, எதை எங்கே போடுவது என்று கேட்டிருக்கிறீர்கள். பாதி இடங்களில் எதைப் போட்டாலும் தப்பில்லை. மீதியில்தான் மாட்டிக்கொள்வோம்.

எனக்கு ஊர் ராமேஸ்வரத்துக்குப் பக்கத்து மண்டபம். காலையில் விசைப்படகுகள் கரை சேர்ந்ததும் பெண்கள் குவியலைச் சுற்றி உட்கார்ந்து இறால் வேறு, நண்டு வேறு, கணவாய் வேறு, சங்காயம் என்கிற கழிவு மீன் வேறு என்று பொறுக்கிப் போடுவார்கள். அதுதான் பிக். கண்ணும் கையும் போதும், யோசனை அதிகம் வேண்டாம். அப்புறம் இறால் கம்பெனி ஆள் வருவார். கிலோவுக்கு எத்தனை நிற்கிறது என்று கவுண்ட் பார்ப்பார், தலை கறுத்ததைக் கழிப்பார், மிச்சத்தை எடுப்பார். அது செலக்ட். அளவுகோல் முதலிலேயே இருக்கும், அதை வைத்துச் சலிப்பார்கள். கிரிக்கெட்டில் செலக்‌ஷன் கமிட்டி என்பதும் அதனால்தான். வீட்டுக்கு மீன் வாங்க வந்தவர் சீலாவா விளமீனா என்று நின்று யோசித்து ஒன்றை எடுத்தால், சூஸ். அவர் மனசுதான் கணக்கு, யாருக்கும் காரணம் சொல்ல வேண்டியதில்லை.

சந்தேகம் வந்தால் சூஸ் போட்டுவிடுங்கள், அநேகமாக எங்கும் பொருந்தும். இறந்தகாலத்தில் மட்டும் கவனம்: சோஸ், சோசன். 'சூஸ்டு' கிடையாது. பெயர்ச்சொல் சாய்ஸ். பரீட்சையில் 'அந்தக் கேள்வியை சாய்ஸில் விட்டுட்டேன்' என்கிறோமே, அது நம்மூர்ச் சரக்கு, லண்டனில் செல்லாது.

ஆப்ட் தனி ரகம். 'ஐ ஆப்டட் தி டிரெயின்' தவறு, நடுவில் 'ஃபார்' வேண்டும். வினைச்சொல் வந்தால் 'டு': 'ஆப்டட் டு வெய்ட்'. இன்னொன்று, வேறு வழியும் இருந்து அதை விட்டுவிட்டு இதற்கு வந்தால்தான் ஆப்ட் ஒட்டும். 2022 டிசம்பரில் பழைய பாம்பன் பாலத்தில் ரயிலை நிறுத்தியவர்கள், 2025 ஏப்ரலில் புதுப் பாலம் திறந்த பிறகுதான் மறுபடி விட்டார்கள். இடைப்பட்ட காலத்தில் இங்கிருந்து ராமேஸ்வரத்துக்கு ரயிலே இல்லை. அப்போது பஸ்ஸில் போனவர் 'ஐ ஆப்டட் ஃபார் தி பஸ்' என்றால், எந்த ரயிலை விட்டுவிட்டு என்று கேட்கத் தோன்றும். இப்போது சொன்னால் சரி.

எலெக்ட் பெரும்பாலும் ஓட்டுப் போடுவதற்கு. ப்ரிஃபர் என்பது தேர்வே இல்லை, விருப்பம். கையில் எதையும் எடுக்காமலே ப்ரிஃபர் பண்ணலாம். இரண்டு பொருளை ஒப்பிடும்போது அதன் பின்னால் 'தேன்' (than) போடாதீர்கள், 'டு' போடுங்கள்: 'ஐ ப்ரிஃபர் டீ டு காபி'.