வடிகான் வெட்டிப் போட்டுவிட்டுப் போனவரை எங்கே பிடிப்பது?

கேள்வி: புரட்டாதியில் எங்கள் ஒழுங்கையில் வடிகான் வெட்டினார்கள். அரைவாசிக்குக் கொங்கிரீட் போட்டார்கள், அதோடு ஆட்களைக் காணவில்லை. சபையில் கேட்டால் கொந்தராத்துக்காரரைக் கேளுங்கள் என்கிறார்கள், அவரோ போன் எடுப்பதில்லை. யாரைத்தான் கேட்பது?
- திருகோணமலை மட்டிக்களி வாசகி

பதில்: சபையைத்தான் தங்கச்சி. கொந்தராத்துக்காரரோடு கையெழுத்துப் போட்டது நீங்கள் இல்லையே. வேலை வெளியில் போனாலும் அதை அளந்து பார்த்து பில்லுக்குச் சிபாரிசு செய்கிற தொழில்நுட்ப உத்தியோகத்தர் அரசாங்கச் சம்பளம் எடுக்கிறவர். ஆனால் போவதற்கு முன் வீதி யாருடையது என்று பாருங்கள். ஏ, பி தர வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கு, சி, டி மாகாண வீதி அபிவிருத்தித் திணைக்களத்துக்கு, ஒழுங்கைகள் பெரும்பாலும் உள்ளூராட்சி சபைக்கு. உப்புவெளிப் பக்கம் போனால் சபையே வேறு, அது பட்டினமும் சூழலும் பிரதேச சபை. இது தெரியாமல் போனால் ஒரு கந்தோரிலிருந்து இன்னொரு கந்தோருக்கு அனுப்பியே உங்களைக் களைக்க வைப்பார்கள்.

ஏன் புரட்டாதி என்று கேட்டீர்களா? நிதியாண்டு ஜனவரியில் தொடங்கி டிசம்பர் 31 உடன் முடிகிறது. ஒதுக்கீடு வந்து, மதிப்பீடு போட்டு, கேள்விமனு கோரி, ஆளைத் தெரிவுசெய்து ஒப்பந்தம் எழுதுவதற்குள் ஆவணி வந்துவிடும். நமக்கோ ஐப்பசி பிறந்தால் மாரி. காசு திரும்பிப் போய்விடுமே என்ற அவசரத்தில் மழைக்குள் வெட்டுகிறார்கள், வெட்டின கிடங்கு குளமாகிறது. கொந்தராத்துக்காரர் பக்கமும் கொஞ்சம் நியாயம் உண்டு. 2022 இல் பழைய விலைக்கு ஒப்பந்தம் எழுதியவர்கள் சீமெந்தும் கம்பியும் ஏறின விலையில் நொந்துபோனார்கள், அரசாங்க பில்லும் வரவில்லை. ஆனால் வேலையை எடுத்தவர் கொமிஷனை வைத்துக்கொண்டு இன்னொருவருக்கு உபகொந்தராத்து கொடுக்கிறாரே, அதற்கு நான் வக்காலத்து வாங்க மாட்டேன்.

எங்கள் வீட்டு வாசலிலும் இதே கதை நடந்தது. அம்மா பழைய கதவொன்றைக் குறுக்கே போட்டு நாலு மாதம் அதில்தான் ஏறி இறங்கினா. அப்புறம் ஒருவழியாக வந்து முடித்தார்கள். வரைபடத்தில் ஆழம் 600 மில்லிமீற்றர், அளவு ரேப்பை இறக்கிப் பார்த்தால் ஓரிடத்தில் 430. தொழில்நுட்ப உத்தியோகத்தர் அளக்க வந்த அன்று மேட்டில் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றினோம். அது ஓடிவந்து எங்கள் வாசலுக்கு முன்னாலேயே நின்றுவிட்டது. இறுதி பில் போயிருக்கவில்லை, அதனால் அந்தத் துண்டை உடைத்துத் திரும்பப் போட்டார்கள். பில் போன பிறகு அதே வாளியோடு நின்றிருந்தால் அரைவாசிப் பலன்தான் இருந்திருக்கும்.

அரைவாசி ஏன் என்றால், அப்போதும் ரிட்டென்ஷன், அதாவது பில்லில் பிடித்து வைத்த காசு, சபையிடம் இருக்கும். பொதுவாக ஒவ்வொரு பில்லிலும் 10 வீதம் பிடித்து, ஒப்பந்தத் தொகையில் 5 வீதம் சேரும்வரை வைத்திருப்பார்கள். வேலை முடிந்து ஒரு வருடம் போல குறை பார்த்துத் திருத்தும் காலம், அதற்குள் எழுத்தில் முறையிட வேண்டும். பிந்தினால் தாமதத் தண்டமும் உண்டு, ஆனால் சபை கால நீடிப்புக் கடிதம் கொடுத்திருந்தால் தண்டம் ஓடாது. ஆகவே முதலில் கேட்க வேண்டியது அந்தக் கடிதத்தைத்தான்.

2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் சபைக்குத் தமிழிலேயே எழுதிக் கொடுங்கள், காரணம் சொல்லத் தேவையில்லை. ஒப்பந்தம், அளவுப் பட்டியல், முடிவுத் திகதி, நீடிப்புக் கடிதங்கள், இதுவரை கட்டின பில், அளவீட்டுத் தாள்கள் என்று பெயர் சொல்லிக் கேளுங்கள், ‘வடிகான் பற்றிய விபரம்’ என்று பொதுவாக எழுதினால் ஒரு பக்கத்தில் ஏதோ எழுதித் தருவார்கள். 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று முடிவு சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு, அதுவும் சரிவராவிட்டால் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு.

கேள்வி: 2023 இலிருந்து சபையில் உறுப்பினர்களே இல்லாமல் இருந்ததுதான் இதற்கெல்லாம் காரணமா?
- உவர்மலை வாசகர்

பதில்: பாதி. 2023 மார்ச்சில் பதவிக்காலம் முடிந்தது, தேர்தல் நடந்தது 2025 மே 6 இல். இடையில் அதிகாரிகள் மட்டும். கூட்டத்தில் எழும்பி ‘இது ஏன் முடியவில்லை’ என்று கேட்க ஆளில்லை. ஆனால் உறுப்பினர் இருந்த காலத்திலும் வடிகான் இப்படித்தான் கிடந்தது, மறந்துவிட்டீர்களா? இப்போது இருக்கிற உங்கள் வட்டார உறுப்பினரிடம் முடிவுத் திகதி தாண்டின வேலைகளின் பட்டியலை மாதக் கூட்டத்தில் கேட்கச் சொல்லுங்கள்.

கேள்வி: குப்பை அள்ளுவதைத் தனியாருக்குக் கொடுத்தால் ஒழுங்காக நடக்குமா?
- அன்புவழிபுரம் வாசகர்

பதில்: எப்படிக் காசு கொடுக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. மாதத்துக்கு இவ்வளவு என்று மொத்தமாகக் கொடுத்தால், வராமல் விடுகிற ஒவ்வொரு நாளும் அவருக்கு டீசல் மிச்சம். நிறைக்குக் கொடுத்தால் நனைந்த குப்பையும் கட்டிட உடைசலும்தான் முதலில் ஏறும். ஒழுங்கைக்கு ஒரு வீட்டுக்காரர் கையெழுத்து வைக்கிற கொப்பி ஒன்று குப்பை ஏற்றுகிற உழவு இயந்திரத்தோடு வரட்டும், கையெழுத்து இல்லாத நாளுக்குக் காசு இல்லை. கணக்கு இல்லை என்று அவர் சொல்லவும் முடியாது, சபைக்காகப் பொதுச்சேவை செய்கிற தனியாரும் அந்த வேலை அளவுக்குத் தகவல் சட்டத்துக்குள் வருகிறார்.